திரையை யார் பிடிப்பது?

1

தமிழில் பிக் பாஸ் 2017 ஜூனில் தொடங்கியது. நெதர்லாந்தில் 1999இல் ‘பிக் பிரதர்’ என்ற பெயரில் ஆரம்பித்த நிகழ்ச்சியின் தமிழ் வடிவம். ஆர்வெல் தன் ‘1984’ நாவலில் பயமுறுத்துவதற்காக வைத்த பெயர் ஐம்பது வருஷத்தில் பொழுதுபோக்கின் பெயராகிவிட்டது. ஒரு வீடு, நூறு நாள், எல்லா மூலையிலும் கேமரா. இந்த கேமராக்கள் நமக்கு இப்போது பழகிவிட்டன. எனக்கு இன்னும் பழகாதது, தொடக்க வாரங்களில் வரும் ஒரு சடங்கு. போட்டியாளர் ஒவ்வொருவரும் எழுந்து நின்று தன் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். ‘கடந்து வந்த பாதை’ என்று அதற்குப் பெயர் உண்டு. சொல்பவர் அழுவார், கேட்பவர்களும் அழுவார்கள். கேட்டவர்கள் அந்தக் கதைக்கு லைக், டிஸ்லைக் போட்ட சீசனும் இருந்தது. ஒருவருடைய அப்பா எப்படிச் செத்தார் என்பதற்கு டிஸ்லைக்.

2021 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாவது சீசனில் இரண்டு பாடகிகள் உள்ளே போனார்கள். ஒருவர் சின்னப்பொண்ணு. ‘நாக்க முக்க’ வந்த 2008லிருந்து அவர் குரல் கேட்காத திருவிழா தமிழ்நாட்டில் இருக்காது. இன்னொருவர் இசைவாணி. வட சென்னைக்காரர். ஆண்களின் பாட்டு என்றே அறியப்பட்டிருந்த கானாவை மேடையில் நின்று பாடும் பெண். பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பில் உருவாகி 2018 ஜனவரியில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பாடியவர். 2020இல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. இருவருமே குரலால் தெரிந்தவர்கள். ஆனால் அந்த வீட்டில் குரல் மட்டும் போதாது. அவர்களும் நின்று கதை சொன்னார்கள்.

அங்கே என்ன சொன்னார்கள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. வேண்டுமானால் தேடிப் பார்க்கலாம், கிடைக்கும். இந்தக் கட்டுரைக்கு அது தேவைப்படவில்லை. எனக்கு இருக்கும் கேள்வி வேறு. ஒரு கலைஞர் புகழ் பெறுகிறார். அவர் பிறந்த தெருவிலிருந்து, சாதியிலிருந்து, மொழியிலிருந்து அந்த இடத்துக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. அதனால் அவர் தனக்காக மட்டும் நிற்க முடிவதில்லை, ஒரு கூட்டத்துக்காகவும் நிற்கிறார். அப்படி நிற்பவர் தன் சொந்த வாழ்க்கையைத் திறந்து காட்டக் கடமைப்பட்டவரா? காட்ட மறுத்தால், அந்தக் கூட்டத்துக்குத் துரோகம் செய்தவர் ஆகிவிடுவாரா?

2

எங்க ஊர் மத்தூர். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை போகிற சாலையில் இருக்கிறது. இப்போது விடியற்காலையில் அந்தச் சாலையில் பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட்டுகளுக்கும் ஓசூருக்கும் ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள்தான் அதிகம். ஆனால் சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்களில் இன்றும் பாரதம் வைக்கிறார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. கடைசியில் துரியோதனன் படுகளம்.

கூத்தில் முக்கியமான வேஷம் நேராக மேடைக்கு வந்துவிடாது. இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடிப்பார்கள். அதுதான் திரை. அதற்குப் பின்னால் நின்று துரியோதனன் பாடுவான், ஆடுவான். நமக்குக் கிரீடமும் காலும் மட்டும் தெரியும். அப்புறம் திரை விலகும். கட்டியங்காரன் வந்து, ‘நீங்க யாரு, எந்த தேசம்?’ என்று கேட்பான். வேஷம் தன் குலம், கோத்திரம், வீரம் எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது துரியோதனன். வேஷம் கட்டிய ஆள் அல்ல. அந்த ஆள் யார், எந்த ஊர், வீட்டில் என்ன கஷ்டம் என்பது கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். கிராமத்தில் அந்தரங்கம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் அரிதாரம் பூசிய முகத்தைப் பார்த்து யாரும் ‘உன் சொந்தக் கதையச் சொல்லு’ என்று கேட்பதில்லை. விடிந்து அரிதாரத்தைக் கலைத்தபிறகு அவர் பழையபடி யாரோ ஒருவர். டீக்கடையில் நின்று டீ குடிப்பார். அவருடைய புகழுக்கு ஒரு ராத்திரி ஆயுள். அதற்குள் அவர் எதைக் கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்க வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கூத்தைப் புனிதப்படுத்த இதைச் சொல்லவில்லை. அங்கேயும் சாதி உண்டு, யார் எங்கே உட்காரலாம் என்ற கணக்கு உண்டு. நான் சொல்ல வருவது திரையைப் பற்றி மட்டும். திரை ஒளிவதற்கான இடம் கிடையாது. ஒருவர் எப்போது, எப்படி, என்னவாக வெளியே வருவார் என்பதை ஒழுங்குசெய்கிற துணி அது. பிக் பாஸ் வீட்டில் இது தலைகீழ். அங்கே வேஷம் கட்டக் கூடாது. ‘நீங்க நீங்களா இல்ல, ஃபேக்கா இருக்கீங்க’ என்பதுதான் அங்கே இருப்பதிலேயே பெரிய வசை. வேஷம் இல்லாமல் வா என்கிறார்கள். வந்தபிறகு, அந்த முகத்தை வெட்டி ஒட்டி அவர்களே ஒரு வேஷம் தயாரிக்கிறார்கள்.

3

இன்று கதை சொல்லச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் கதை சொல்லாமல் இருப்பதுதான் உள்ளே வர நிபந்தனையாக இருந்தது. அதற்கு நம்மிடம் இருக்கும் ஆகப்பெரிய உதாரணம் எம்.எஸ். சுப்புலட்சுமி.

எம்.எஸ். நடிகையும்கூட என்பதை என் வயதுக்காரர்கள் பலர் மறந்துவிட்டார்கள். 1938இல் கே. சுப்ரமணியத்தின் ‘சேவாசதனம்’, 1940இல் ஜி.என். பாலசுப்ரமணியத்தோடு ‘சகுந்தலை’, 1941இல் நாரதர் வேஷத்தில் ‘சாவித்திரி’, 1945இல் ‘மீரா’. பிறகு சினிமாவே இல்லை. மதுரையில் 1916இல் பிறந்தவர். அம்மா வீணைக் கலைஞர் சண்முகவடிவு, பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். தேவதாசி மரபைச் சேர்ந்த குடும்பம். 1940இல் சதாசிவத்தை மணந்தார். அதன்பிறகு நாம் பார்க்கும் எம்.எஸ். ஒரு உருவம்: காஞ்சிபுரம் பட்டு, மல்லிகைப்பூ, வைர மூக்குத்தி, பக்தி. ஒரு நீலத்துக்கே ‘எம்.எஸ். நீலம்’ என்று பெயர் வந்தது. அவர் பாடிய வெங்கடேச சுப்ரபாதம் கேட்காமல் எங்கள் ஊர் டீக்கடைகளில் பால் காயாது. 1968இல் சங்கீத கலாநிதி, அந்த விருதைப் பெற்ற முதல் பெண். 1998இல் பாரத ரத்னா, அதைப் பெற்ற முதல் இசைக்கலைஞர். இத்தனைக்கும் நடுவே, அவரைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் தேவதாசி என்ற சொல் பல பத்தாண்டுகள் அரிதாகவே வந்தது.

அந்தக் காலத்தையும் சேர்த்துப் பார்க்கணும். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சி 1930லேயே மசோதாவாகி, 1947இல் மதராஸ் தேவதாசி தடுப்புச் சட்டமாக முடிந்தது. அந்தச் சட்டத்தின் நியாயம் வேறு விஷயம். அந்த விவாதம் நடந்த இருபது வருஷத்தில் அந்தச் சொல் ஒரு பெண்ணின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே கேள்வி. அதே வருஷங்களில் சபாக்களின் மேடை ‘குடும்பப் பெண்’களுக்கானதாக மாறிக்கொண்டிருந்தது. அந்த மேடைக்குள் வர எம்.எஸ். என்ன கொடுக்க வேண்டியிருந்தது என்று டி.எம். கிருஷ்ணா 2015இல் ‘கேரவன்’ இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். அதற்கு முன்பே, 2004இல் டி.ஜே.எஸ். ஜார்ஜ் எழுதிய வாழ்க்கை வரலாறு அவருடைய பிறப்பையும் இளமையையும் விரிவாகப் பேசியிருந்தது. அதே வருஷம் டிசம்பரில் எம்.எஸ். மறைந்தார்.

ஒப்பிட இன்னொருவர் இருக்கிறார். டி. பாலசரஸ்வதி, 1918இல் பிறந்தவர், வீணை தனம்மாளின் பேத்தி. எம்.எஸ்ஸின் தோழி. அவர் தன் பரம்பரையை மறைக்கவில்லை. நடனத்திலிருந்து சிருங்காரத்தை எடுக்கச் சொன்னவர்களோடு கடைசிவரை வாதாடினார். 1973இல் அவருக்கும் சங்கீத கலாநிதி கிடைத்தது. எனவே ‘பேச முடிந்தவர் ஒருவர் இருந்தாரே, எம்.எஸ். ஏன் பேசவில்லை?’ என்று கேட்பது சுலபம். ஆனால் பாலாவின் பேச்சு அவர் கொடுத்த விலை, எம்.எஸ்ஸின் மௌனம் இவர் கொடுத்த விலை. ஒருவர் கட்டிய பில்லைக் காட்டி இன்னொருவரிடம் வசூலிக்க முடியாது.

இந்த இருவரும் சேர்ந்து இருக்கும் ஒரு படம் இணையத்தில் அடிக்கடி வரும். 1930களின் பிற்பகுதியில் எடுத்தது. இரண்டு இளம்பெண்கள், கோடு போட்ட பைஜாமா, கையில் சிகரெட். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். ஒரு நாள் விளையாட்டு அது. அவர்கள் ஊருக்குக் காட்ட எடுத்ததில்லை. இப்போது ஒருவர் அதை ‘பார், எவ்வளவு புரட்சி’ என்று பகிர்கிறார், இன்னொருவர் ‘பார், எவ்வளவு வேஷம்’ என்கிறார். இரண்டு பேருக்குமே அது சாட்சியம். இரண்டு தோழிகள் சிரித்துக்கொண்டது என்று மட்டும் அதை விட்டுவைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அவர் பெயர். நம் ஊரில் இனிஷியல் என்றால் பெரும்பாலும் அப்பா பெயர். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை வெட்டிவிட்டு, முன்னால் ஓரெழுத்தோடு நிற்கப் பழகினோம். ‘என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்’ என்று ஒரு சமூகமே சேர்ந்து கற்றுக்கொண்ட அந்தரங்கம் அது. எம்.எஸ். என்ற இரண்டு எழுத்தில் ‘எம்’ மதுரை, ‘எஸ்’ சண்முகவடிவு. ஊரும் அம்மாவும். மறைத்தார் மறைத்தார் என்கிறோம். ஒவ்வொரு கச்சேரி நோட்டீஸிலும், ஒவ்வொரு இசைத்தட்டிலும் அம்மாவின் பெயரை முதலில் போட்டுக்கொண்டுதான் அவர் வாழ்ந்திருக்கிறார். விரித்துப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது எப்போதும் அங்கேயே இருந்தது.

4

இப்படி எழுதும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. ‘அது அவருடைய அந்தரங்கம், விட்டுவிடுங்கள்’ என்று சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் சொன்னால் அதிகம் சந்தோஷப்படுவது யார்? அந்த மௌனத்தை நிபந்தனையாக வைத்த மண்டபம்தான். ‘நாங்க எதுவும் கேக்கல, அவங்களா சொல்லல’ என்று அது கையைத் துடைத்துக்கொள்ளும்.

நம் சட்டம் இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் இந்தச் சிக்கல் இன்னும் தெளிவாகும். அந்தரங்க உரிமை பற்றிய முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று தமிழ்நாட்டு வழக்கில் வந்தது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிடலாமா என்ற வழக்கில், 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி போன்றவற்றைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாது. பொது ஆவணங்களில் இருப்பது விதிவிலக்கு. தானாக முன்வந்து ஒரு சர்ச்சைக்குள் நுழைந்தவர் விஷயமும் வேறு. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டது. அந்த வழக்கைப் போட்ட புட்டசாமி, பக்கத்துக் கர்நாடகத்தின் ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி.

சட்டம் ‘சம்மதம்’, ‘தானாக முன்வந்து’ என்ற சொற்களில் நின்றுகொள்கிறது. அதற்கு அதுதான் முடியும். கையெழுத்து இருக்கிறதா, இல்லையா. பிக் பாஸுக்குப் போகிறவர் கையெழுத்துப் போட்டுத்தான் போகிறார். எம்.எஸ். தன் பிறப்பைப் பற்றிப் பேசக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ‘தானாக’ச் செய்தவர்கள்தான். ஆனால் அறம் அடுத்த கேள்வியைக் கேட்கும்: வேறு வாசல் இருந்ததா? கதை சொல்லாமலும் அந்த வீட்டுக்குள் மரியாதையோடு இருக்க ஒரு கானா பாடகிக்கு வழி இருந்ததா? அம்மாவின் மரபைச் சொல்லிக்கொண்டே அதே உயரத்துக்குப் போக 1950இல் எம்.எஸ்ஸுக்கு வழி இருந்ததா? பேசவும் முடியும், பேசாமல் இருக்கவும் முடியும் என்ற நிலையில் ஒருவர் பேசாமல் இருந்தால் அது அந்தரங்கம். பேசினால் கதவு சாத்தப்படும் என்ற நிலையில் பேசாமல் இருந்தால் அது அந்தரங்கம் மாதிரி தெரிகிற கட்டணம். பேசினால்தான் கதவு திறக்கும் என்றால் அந்தப் பேச்சும் கட்டணம்தான். அன்றைக்கு மௌனமாக வாங்கினார்கள், இன்றைக்குக் கண்ணீராக வாங்குகிறார்கள். திரையை இரண்டு காலத்திலும் பிடித்திருப்பது வேறு யாரோ.

எம்.எஸ். 1997இல் எழுதிய உயிலில் தன் பெயரில் அறக்கட்டளை, சிலை, நினைவுச்சின்னம் எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். 2024இல் அவர் பெயரில் உள்ள விருது டி.எம். கிருஷ்ணாவுக்கு அறிவிக்கப்பட்டபோது பேரன் வழக்குப் போட்டார். உயில் உயர் நீதிமன்றத்துக்கும், பிறகு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. எந்தப் பக்கம் சரி என்பதைவிட எனக்குப் பட்டது வேறு. ஒரு தரப்பு அவர் கதையைச் சொல்லியாக வேண்டும் என்றது, ஒரு தரப்பு அதைச் சொன்ன விதமே அவதூறு என்றது. தன்னைப் பற்றி அவர் கடைசியாக எழுதிவைத்த வேண்டுகோளோ ‘வேண்டாம்’ என்பது. இருபது வருஷம் கழித்தும் அவர் மற்றவர்களின் வாதத்தில் சாட்சியாகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

5

இதெல்லாம் பெரிய மனிதர்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். புகழ் இல்லாதவர்களுக்கும் இது வருகிறது, சின்ன அளவில்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பெங்களூர் நிறுவனத்தில் டெஸ்டிங் டீமில் எங்கள் பக்கத்துப் பெண் ஒருவர் இருந்தார். கெட்டிக்காரி. ரிலீஸுக்கு முந்தின ராத்திரி அவர் கண்டுபிடிக்கும் பக்குகளுக்கு டெவலப்பர்கள் எல்லோரும் பயப்படுவோம். மகளிர் தினத்துக்கு அவரைப் பேசச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டில் என்னிடம் சொன்னார்: “அண்ணா, நான் ஆட்டோமேஷன் பத்திப் பேசறேன்னு சொன்னேன். அது வேணாமாம். எங்கப்பா கல்லு ஒடச்சத சொல்லணுமாம்.”

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரி எவ்வளவு என்பது தெரிந்தவர்களுக்கு அந்த வரியின் கனம் புரியும். “சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்லண்ணா. அத எப்ப சொல்லணும், யாருக்கு சொல்லணும்னு இவங்க எதுக்கு முடிவு பண்றாங்க?” என்றார். கடைசியில் ஆட்டோமேஷன் பற்றியே நான்கு நிமிடம் பேசினார். கைதட்டல் சுமார்தான். அடுத்த வருஷம் வேறு ஒருவரைக் கூப்பிட்டார்கள்.

இங்கே ஒரு எதிர்வாதம் நியாயமாக வரும். அந்த அரங்கில் பின்வரிசையில் புதிதாகச் சேர்ந்த டிரெய்னி ஒருத்தி இருந்திருக்கலாம். அவள் அப்பாவும் குவாரியில் இருந்திருக்கலாம். ‘நம்மள மாதிரி ஒருத்தர் இங்க இருக்காங்க’ என்று தெரிந்தால் அவளுக்கு முதுகு நிமிர்ந்திருக்கும். பிரதிநிதித்துவம் என்பதே அந்த நிமிர்வுதான். அதை மறுக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்றால், அந்த மறுப்பின் விலையை வேறொருத்தி கட்டுகிறாள். இந்த வாதத்தை என்னால் சுலபமாகத் தள்ள முடியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து இதை அவரிடமே கேட்டேன். “அப்படி ஒரு பொண்ணு இருக்காண்ணா. தனியா வந்து கேட்டா. கேன்டீன்ல ரெண்டு மணி நேரம் பேசினோம். எல்லாம் சொன்னேன்” என்றார்.

அதில் என் கேள்விக்குப் பாதிப் பதில் இருந்தது. தேவைப்படுகிறவளிடம் சொல்வதும், பார்க்க வந்தவர்களிடம் காட்டுவதும் ஒன்று கிடையாது. முதலாவதில் கேட்கிறவளும் தன் கதையைத் திருப்பிக் கொடுப்பாள். இரண்டாவதில் கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மேடை இல்லாமலும் பிரதிநிதித்துவம் நடக்கும். அதை யாரும் படம் எடுப்பதில்லை என்பதால் அது நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

மீதிப் பதில் கணக்கில் இருக்கிறது. கோபேனா மெர்சர் என்ற விமர்சகர் 1990இல் பிரிட்டனின் கறுப்பினக் கலைஞர்களைப் பற்றி எழுதும்போது ‘பிரதிநிதித்துவத்தின் சுமை’ என்றார். உள்ளே வர ஒருவருக்குத்தான் இடம் என்றால், அந்த ஒருவர் எல்லோருக்காகவும் பேச வேண்டியதாகிறது. மிசிசாகாவில் வளர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன் சுமார் 15,000 பேரிலிருந்து தேர்வாகி, 2020இல் ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில் தேவியாக நடித்தார். பதினெட்டு வயசுப் பெண். உடனே உலகத் தமிழர்கள் எல்லோரும் அவர் தமிழ் சரியா, அந்த வீடு நம் வீடு மாதிரி இருக்கிறதா என்று பரீட்சை வைத்தோம். தொலைக்காட்சியில் ஐம்பது தமிழ்ப் பெண்கள் இருந்தால் அந்தப் பரீட்சை வந்திருக்காது. எங்கள் தொழிலில், எல்லாக் கோரிக்கையையும் ஒரே சர்வருக்கு அனுப்பினால் அது படுத்துவிடும். படுத்த சர்வரை யாரும் ஒழுக்கம் கெட்டது என்று திட்டுவதில்லை. அமைப்பை வரைந்தவரைத்தான் கூப்பிட்டுக் கேட்போம்.

கணக்கு இன்னொரு விதமாகவும் தப்பும். 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகம் முழுக்கப் போனது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதிய வரிகள் அவை. அந்த ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. பா. இரஞ்சித் உட்பட பலர் கேட்டபிறகு அறிவின் படத்தோடு வேறொரு அட்டை இணையத்தில் வந்தது. பாட்டியின் கதை எல்லோருக்கும் வேண்டியிருந்தது. பேரன் முகத்துக்கு அட்டையில் இடம் பிறகுதான் கிடைத்தது. கதை கொடுத்தால் இடம் உறுதி என்கிறார்கள் அல்லவா, அந்த ஒப்பந்தம்கூட ஒழுங்காக நடப்பதில்லை.

6

இசைவாணிக்கு 2024 நவம்பரில் நடந்தது இதன் அடுத்த கட்டம். சபரிமலைக்குள் பெண்கள் போகலாம் என்ற 2018 தீர்ப்பை ஒட்டிய காலத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையில் அவர் பாடிய ஒரு பாட்டு, வருஷங்கள் கழித்துத் திடீரென்று பரவியது. புகார்கள் போயின. அவருக்கு வசைகளும் மிரட்டல்களும் வந்தன. அந்தப் பாட்டு பிடிக்காதவர்கள் இருக்கலாம், அதை விமர்சிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அது ஒரு குழுவின் பாட்டு. பாட்டு எல்லோருடையது, வசை மட்டும் ஒரு பெண்ணின் கைப்பேசிக்கு. தொலைக்காட்சியால் அந்த முகம் எல்லா வீட்டுக்கும் தெரிந்திருந்தது. பிரதிநிதியாக நிற்கும்போது கிடைக்கும் புகழ் கூட்டத்துக்குப் பங்காகிறது. அடி மட்டும் ஆள் பெயருக்கு வருகிறது.

‘பப்ளிக்குல வந்துட்டா இதெல்லாம் சகஜம்’ என்று சொல்வார்கள். எங்க ஊர்ப் பெரியவர்களும் சொல்வார்கள், ஐடி நண்பர்களும் சொல்வார்கள். எது சகஜம்? அவர் பொதுவில் வைத்தது ஒரு பாட்டு. பாட்டைப் பொதுவில் வைத்தவர் வீட்டு விலாசத்தையும் வைத்ததாக எடுத்துக்கொள்வது எந்தக் கணக்கு? துரியோதனனைத் திட்டலாம், படுகளத்தில் தொடை பிளக்கும்போது கூட்டம் திட்டத்தான் செய்யும். விடிந்தபிறகு வேஷக்காரர் வீட்டுக்குக் கல் எறிந்தால் அந்த ஊரில் அடுத்த வருஷம் கூத்து நடக்காது.

ஆகவே என் முடிவு இவ்வளவுதான். கூட்டத்துக்காக நிற்கும் கலைஞர் நமக்குக் கடன்பட்டிருப்பது அவர் கலையில். வாழ்க்கையைச் சொல்வது அவர் இஷ்டம். சொன்னால் அது கொடை, சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டியது அவரை அல்ல. அவர் சொல்லாமல் இருந்தால் யாருக்கு வசதி, சொன்னால் யாருக்கு லாபம், இந்த மேடையில் அவர் மாதிரி இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மண்டபத்தைக் கேட்கணும். கானா பாடும் பெண்கள் இருபது பேர் மேடையில் இருந்தால், அதில் ஒருவர் தன் கதையைச் சொல்வார், ஒருவர் சொல்ல மாட்டார், ஒருவர் பொய்கூடச் சொல்வார். யாருக்கும் எதுவும் ஆகாது. அந்தரங்கம் என்பது தனியாள் விஷயம் என்று பேசுகிறோம். பக்கத்தில் இன்னும் நாலு பேர் நின்றால்தான் ஒருவருக்கு அது கிடைக்கிறது.

ஆனாலும் ஒன்று எனக்குத் தீரவில்லை. 1950களில் மதுரையிலோ தஞ்சாவூரிலோ, அதே மரபில் பிறந்து, பாட்டை நிறுத்தச் சொல்லப்பட்ட ஒரு பெண் ரேடியோவில் எம்.எஸ்ஸைக் கேட்டிருப்பாள். இந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் அவள் பாட்டை விடாமல் இருந்திருப்பாளோ என்னவோ. அவளுக்கு யாரோ கடன்பட்டிருக்கிறார்கள். அது எம்.எஸ். இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். யார் என்று கேட்டால், அந்தக் கச்சேரிகளுக்கு டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் பட்டியல் எங்காவது இருக்கும். இன்றைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன்.